காத்திருப்பது யார்?

கேள்வி: 1993இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' விண்வெளி விளையாட்டை இன்னும் சிலர் விடாமல் ஆடுகிறார்களே! ஒரு நகர்வு முடித்து அடுத்த முறைக்குக் காத்திருக்கும் இந்த ஆமை ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: அந்த ஆட்டத்தில் காத்திருப்பது நீங்கள் அல்ல, கணினி. 'அடுத்த முறை' பொத்தானை நீங்கள் அழுத்தும்வரை அண்டமே அசையாது. ஆராய்ச்சியில் புலிகளான சைலான்கள், கரடி உடம்புக்காரர்களான புல்ராத்திகள், ஒற்று வேலைக்கென்றே பிறந்த டார்லாக்குகள் என எதிராளி இனங்கள் அத்தனையும் கைகட்டி நிற்கும். நீங்கள் குளித்துவிட்டு வரலாம். தூங்கி எழுந்தும் வரலாம்.

வேறு எந்த இயந்திரம் நமக்கு இந்த மரியாதையைத் தருகிறது? ரகசிய எண் வந்து, கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் காலாவதியாகிவிடுகிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே அடுத்த படத்துக்கு நொடி எண்ணத் தொடங்குகிறார்கள். இணையப் படிவத்தில் தாத்தா பெயர்வரை நிரப்பிய பிறகு 'உங்கள் நேரம் முடிந்தது' என்கிறது திரை. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத மாதம் இல்லை என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டார். படிவங்கள் திருந்தட்டும், நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஸ்டீவ் பார்சியா வடிவமைத்து, அவருடைய சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கி, மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்டது. இதற்கு முன்னோட்டம் எழுதியபோதுதான் விளையாட்டு இதழாளர் ஆலன் எம்ரிக், தேடு, பரவு, சுரண்டு, அழி என்ற நான்கையும் சேர்த்து (ஆங்கிலத்தில் நான்கு சொற்களிலும் 'எக்ஸ்' எழுத்து வரும்) '4 எக்ஸ்' என்று பெயர் வைத்தார். பிறகு அந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது.

இதன் கவர்ச்சி கஞ்சத்தனத்தில் இருக்கிறது. எல்லாத் தொழில்நுட்பங்களும் எல்லா ஆட்டத்திலும் உங்கள் ஆராய்ச்சிப் பட்டியலில் வராது. இல்லாததைத் திருட வேண்டும், பண்டமாற்றாக வாங்க வேண்டும், அல்லது படையெடுத்துப் பிடுங்க வேண்டும். கப்பல் வடிவங்கள் ஒரே சமயத்தில் ஆறுதான். ஏழாவது வேண்டுமானால் பழையது ஒன்றைக் கைவிட வேண்டும்; அந்த வடிவத்தில் கட்டிய கப்பல்கள் அனைத்தும் அதோடு போய்விடும். ஒரு கோளை நிர்வகிக்க இருப்பவை ஐந்தே அளவுகோல்கள்: கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆராய்ச்சி. ஒன்றை ஏற்றினால் மற்றவை இறங்கும். கையில் இருப்பதை வைத்துக்கொண்டு திண்டாடும் இந்தத் திண்டாட்டம் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் அலுப்பதில்லை.

1996இல் வந்த இரண்டாம் பாகமே உயர்ந்தது என்று சொல்லும் ஒரு கட்சி உண்டு. அவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. அதில் கட்டடம் கட்டடமாக உட்கார்ந்து கட்ட வேண்டும். பேரரசனாக வந்தவனை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். 2003இல் வந்த மூன்றாம் பாகமோ நேர் எதிர்: கணினி இயக்கும் ஆளுநர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். நான் எதற்கு என்று விளங்காமல் மூடிவைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டாம் பாகக் கட்சியும் நானும் கூட்டணி.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. குடியேற்றங்களையே துடைத்தழிக்கும் ஆயுதங்களைக் குவித்து வைத்திருக்கும் இந்தக் கும்பல், அவ்வப்போது மன்றம் கூடி ஒழுங்காக வாக்களிக்கிறது! மக்கள்தொகைக்கு ஏற்ப வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு பெற்றவர் அண்டத்துக்கே தலைவர். தோற்றவர் முடிவை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் மீதிப் பேர் அனைவரும் ஒன்றுசேர்ந்து அவர்மேல் பாய்வார்கள். தேர்தலில் தோற்றுவிட்டு வாக்குப்பெட்டியைக் குறைசொல்பவர்களை இந்த ஆட்டத்தின் முன் உட்கார வைக்க வேண்டும் என்பது என் நீண்டகாலக் கோரிக்கை. யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளும் வசதியும் அங்கே உண்டு. போன வாக்கெடுப்பில் நான் வெல்ல வேண்டியது. பாறை மனிதர்களான சிலிகாய்டுகள் நடுநிலை வகித்துவிட்டார்கள். அவர்களுக்கு நான் இனாமாகக் கொடுத்த தொழில்நுட்பங்களின் பட்டியல் பத்திரமாக இருக்கிறது.