கேஸி அடித்தானா?

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எட்டு வயது மகனுக்கு பேஸ்பால் பைத்தியம். ‘கேஸி அட் தி பேட்’ கவிதையை வாசித்துக் காட்டச் சொல்லி அலுவலக நண்பர் சொன்னார். நூலகத்தில் தேடினால் அந்த ஒரே கவிதைக்கு நாலைந்து படப் புத்தகங்கள் இருக்கின்றன. எதை எடுப்பது? கடைசியில் கேஸி தோற்றுவிடுவானாமே, அதைப் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடலாமா? தமிழிலும் சொல்லிப்பார்க்க ஆசை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலிலேயே மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கவிதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எர்னஸ்ட் தேயர் ‘ஃபின்’ என்ற புனைபெயரில் எழுதி, 1888 ஜூன் 3 அன்று ‘சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர்’ நாளிதழில் வந்தது. கிடைத்த சன்மானம் 5 டாலர். அதே ஆண்டு டிவுல்ஃப் ஹாப்பர் என்ற நடிகர் நியூயார்க் மேடையில் அதைச் சொல்லிக்காட்ட, நாடெங்கும் பரவியது. கதை இதுதான்: மட்வில் என்ற ஊரின் அணி 4-2 என்று பின்தங்கியிருக்கிறது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். யாரும் எதிர்பாராமல் ஃபிளின்னும் பிளேக்கும் அடித்துவிட, கேஸி வருகிறான். தொப்பியைத் தூக்குகிறான், கையில் மண்ணைத் தேய்க்கிறான், சட்டையில் துடைக்கிறான். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. நம்மூர் சினிமாவில் ஹீரோ நுழையும் காட்சியேதான். முதல் பந்தை ‘இது என் ஸ்டைல் இல்லை’ என்று விடுகிறான், ஸ்ட்ரைக் (அடிக்க வேண்டிய பந்தை விட்டாலோ, சுழற்றியும் படாமல் போனாலோ ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்). இரண்டாவதையும் விடுகிறான், அதுவும் ஸ்ட்ரைக். மூன்றாவதற்கு பேட்டைச் சுழற்றுகிறான்.

இங்கே தேயர் ஒரு வேலை செய்கிறார். சுழற்றிய வேகத்தில் காற்று சிதறியது என்று சொல்லிவிட்டு, பந்து என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். அடுத்த வரிகளில் எங்கோ வெயில் அடிக்கிறது, எங்கோ பேண்டு வாசிக்கிறார்கள், எங்கோ குழந்தைகள் கூச்சலிடுகிறார்கள். அவன் அவுட் என்பது 52 வரிகளின் ஆகக் கடைசிச் சொற்களில்தான் வருகிறது.

படம் வரைபவருக்கு இதுதான் தலைவலி. சொல் மறைப்பதைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை உறவினர் வீட்டுச் சிறுமிக்கு இதை வாசித்துக்கொண்டிருந்தேன். நான் இடப்பக்க வரியில் இருக்கும்போதே அவள் வலப்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, விட்டுட்டான்!” என்றாள். அதற்கப்புறம் வெயிலும் பேண்டும் வெறும் வார்த்தைகளாகிவிட்டன. எனவே எந்தப் பதிப்பானாலும் கடைசிச் சுழற்றலுக்கும் வெயிலுக்கும் நடுவே பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் படத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது கிறிஸ்டோபர் பிங் செய்தது. 2000-இல் வந்து அடுத்த ஆண்டு, அமெரிக்கப் படப் புத்தகங்களுக்குத் தரப்படும் கால்டெகாட் ஹானர் பெற்றது. புத்தகமே 1888-ஆம் ஆண்டின் செய்தித்தாள் கத்தரிப்புத் தொகுப்பு மாதிரி இருக்கும். பழுத்த தாள், செதுக்கோவியம் போன்ற கோடுகள், ஒட்டிவைத்த டிக்கெட்டுகள், ஆட்டக்காரர் அட்டைகள். பையன் ஒவ்வொன்றாகத் தடவிப்பார்ப்பான். நீங்களும்தான். கவிதை பத்திரிகையில் பிறந்தது என்பதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

2006-இல் ஜோ மோர்ஸ் வரைந்தது இன்றைய நகரத்தெருவில் நடக்கிறது. நல்ல ஓவியங்கள், ஆனால் முகங்களில் ஒரு கடுமை. சிரிப்பு குறைந்துவிடுகிறது. எட்டு வயதுக்கு அதை முதலில் தரமாட்டேன். பட்ரீஷியா போலாக்கோ சிறுவர் லீக் ஆட்டமாகவே மாற்றிவிட்டார். அது வேறு கதை, பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

தோல்வி பையனைப் பாதிக்குமோ என்ற கவலை வேண்டாம். தோற்பவன் பாவப்பட்டவன் இல்லையே, இரண்டு நல்ல பந்துகளைத் திமிரில் விட்டவன். குழந்தைகள் அந்தத் திமிரைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழில் சொல்லுங்கள், தாராளமாக. மட்வில்லை ‘சேற்றூர்’ ஆக்கலாம், அப்படி ஓர் ஊரே நம்மிடம் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் கவனம். ஆங்கிலத்தில் கேஸியின் ‘புளோ’ என்று வருகிறது. அகராதியைப் பார்த்து ‘அடி’ என்று போட்டால் பந்தில் பட்டதாகிவிடும், அப்புறம் நீங்கள் பொய் சொன்னதாகப் பையன் சண்டைக்கு வருவான். ‘வீச்சு’ என்று சொல்லிப்பாருங்கள். பட்டதா படவில்லையா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது ஸ்ட்ரைக் முடிந்ததும் “ஏன் அடிக்கல?” என்று கேட்பான். பதில் சொல்லாமல் மேலே வாசியுங்கள்.