குளிர்காலத்தில் காருக்குள் பூஞ்சை வாடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெயில் காலத்தில் இல்லாத ஈர வாடை இப்போது தினமும் காலையில் அடிக்கிறது. ஏன்?

பதில்: நனைந்த காலணி, குடை, உங்கள் மூச்சு எல்லாமே உள்ளே ஈரம் சேர்க்கின்றன. குளிருக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் ரீசர்குலேஷன் பட்டனையும் போட்டுவிட்டால் அது எப்படி வெளியேறும்? அந்தப் பட்டனை அணையுங்கள். பிறகு மேட்டைத் தூக்கிவிட்டுக் கார்ப்பெட்டை நன்றாக அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியிலுள்ள ஃபோம் ஊறிக் கிடக்கும்.

கேள்வி: குளிரில் எதற்கு ஏசி என்று அணைத்தே வைத்திருக்கிறேன். கண்ணாடி ஓயாமல் மங்குகிறது.

பதில்: அணைத்து வைத்திருப்பதால்தான். ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடும். ஹீட்டரோடு சேர்த்துப் போடுங்கள். இறங்குவதற்கு 5 நிமிடம் முன்னால் ஏசியை மட்டும் நிறுத்தி, ஃபேனை ஓடவிடுங்கள். ஏசிக்குள் ஈரம் படியும் கூலிங் காயில் உலரட்டும். கடுங்குளிரில் பல கார்களில் கம்ப்ரெசர் ஓடாது, அதாவது ஏசி வேலை செய்யாது. அப்போது ஹீட்டரும் வெளிக்காற்றும்தான் கதி.

கேள்வி: வாடை போக எந்த பெர்ஃப்யூம் நல்லது?

பதில்: எதுவும் இல்லை. வருகிற கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கிறது. கண்ணாடியில் தொங்குவது, ஏசி வென்டில் செருகுவது, ஜெல் டப்பா, ஸ்ப்ரே எல்லாம் ஒன்றுதான்: குளிக்காமல் சென்ட் அடித்துக்கொள்வது. பூஞ்சை அப்படியே இருக்கும், அதன் மேல் எலுமிச்சை வாசனை வரும். இரண்டும் கலந்து தலைவலி மிச்சம். மூக்கு இரண்டு நாளில் பழகிவிடுவதால் வாடை போய்விட்டதென்று நினைத்துக்கொள்வீர்கள், உடன் வருகிறவர்தான் பாவம். இதில் பெரிய கேடு, மூக்கு தரும் எச்சரிக்கையை அமுக்கிவிடுவது. கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கிய நீர் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும், அங்கே ஓடும் வயர் கனெக்டர்களைக் கெடுக்கும். பெர்ஃப்யூம் வாங்கும் முன் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை எப்போது மாற்றுவது?

பதில்: 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள்.

கேள்வி: காருக்குள் தண்ணீர் தேங்குகிறது. என்ன செய்வது?

பதில்: மழைக்குப் பிறகா, ஏசி ஓடிய பிறகா? முன்னாலா, டிக்கியிலா? எதையும் எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகென்றால் கதவு ரப்பர், சன்ரூஃப் வடிகுழாய், வைப்பருக்குக் கீழே அடைத்திருக்கும் இலைச்சருகு. ஏசிக்குப் பிறகென்றால் ஏசி நீரை வெளியேற்றும் வடிகுழாயில் அடைப்பு.

கேள்வி: ஹீட்டர் போட்டால் இனிப்பு வாடை. கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுக்கிறது.

பதில்: இது பூஞ்சை இல்லை. ஹீட்டருக்குச் சூடு தரும் ஹீட்டர் கோரிலிருந்து கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது. கூலன்ட் விஷம், அந்த ஆவியை மூச்சில் இழுக்க வேண்டாம். இன்ஜின் ஆறியதும் கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: வாடை போக, ஓசோன் வாயு விடும் மெஷின் வைக்கலாமா?

பதில்: நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரையும் அரிக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால், அனுபவமுள்ளவர் ஆளில்லாத காரில் வைத்து, பிறகு நன்றாகக் காற்றோட்டம் விட வேண்டும். ஈரத்தை உலர்த்திய பின்னும் லேசாக வாடை மிஞ்சினால் சமையல் சோடாவைக் கார்ப்பெட்டில் தூவி, ஓரிரவு விட்டு, வாக்குவம் போடுங்கள். ஈரத்தின் மேல் தூவினால் களிதான் கிண்டலாம்.