ஹைட்ராலிக் வாங்கும் முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரியில் 22 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். சுற்றுலாப் பயணிகளையும் தூண்டில் போட வருகிறவர்களையும் ஏற்றிச் செல்வேன். பின்னால் 90 எச்.பி. அவுட்போர்டு இன்ஜின் ஒன்று. கேபிள் ஸ்டீயரிங் இரண்டே வருடத்தில் இறுகிவிட்டது. இடப்பக்கம் திருப்புவது இன்னும் கஷ்டம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் மாட்டினால் ஒரே விரலில் திருப்பலாம் என்று ஒருவர் கிட்டுக்கு அட்வான்ஸ் கேட்கிறார். மாட்டலாமா? நானே மாட்ட முடியுமா?

பதில்: மாட்டலாம். ஸ்பானர் பிடித்துப் பழகிய கை என்றால் நீங்களே மாட்டலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. கிட் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார், சொன்னால் பாதி வியாபாரம் போய்விடும்.

இன்ஜினை அணைத்து, கீழே இறக்கி வைத்து, கேபிள் முனையை இன்ஜினின் ஸ்டீயரிங் கையோடு சேர்க்கிற இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். இப்போது இன்ஜினை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். சீராக நகர்ந்தால் குறை கேபிளில். தள்ள முடியாமல் முரண்டு பிடித்தால் குறை இன்ஜின் இடமும் வலமும் திரும்புகிற அச்சான சுழல் தண்டில். அந்தத் தண்டுக்குள் பழைய கிரீஸ் உப்போடு சேர்ந்து கெட்டியாகி, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பிடித்துக்கொள்ளும். அங்கே இருக்கிற கிரீஸ் நிப்பிளில் மரைன் கிரீஸ் ஏற்றுங்கள். பழையது வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை ஏற்ற வேண்டும். கிரீஸ் உள்ளேயே போகவில்லை என்றால் பிரித்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

இறுகிய இன்ஜினுக்கு ஹைட்ராலிக் மாட்டினால் என்ன ஆகும்? முதலில் நன்றாகத்தான் இருக்கும். எண்ணெய் அழுத்தம் அந்த இறுக்கத்தைத் தள்ளிவிடும், உங்கள் கைக்குத் தெரியாது. நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். பிறகு இன்ஜினைத் திருப்புகிற ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல் கசியும், இணைப்பு போல்ட் வளையும், அப்போது "கிட் சரியில்லை, பெரியது போடுங்கள்" என்று அதே ஆள் வந்து நிற்பார்.

இடப்பக்கம் மட்டும் கூடுதலாகக் கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் வேறு. வலச்சுற்று புரொப்பெல்லர் படகை வலப்பக்கம் இழுக்கும், அதனால் இடப்பக்கம் திருப்பக் கை வலிக்கும். புரொப்பெல்லருக்கு மேலே, தட்டையான தகட்டின் அடியில் சிறிய வால் போல ஒரு டிரிம் டேப் இருக்கும். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக அதன் பின்முனையைக் கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள். உங்கள் படகில் வலப்பக்கம். ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள். ஒரு ஸ்பானர் வேலை, செலவே இல்லை. இதையும் யாரும் சொல்வதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு கேபிள்தான் குற்றவாளி என்றால், 90 எச்.பி.க்கு ஹைட்ராலிக் நியாயமான செலவு. சுலபமாகத் திருப்பலாம் என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. சக்கரத்துக்குப் பின்னால் உட்காரும் கைப்பம்பை ஹெல்ம் என்பார்கள். அதற்குள் இருக்கும் வால்வு எண்ணெயைப் பூட்டி வைக்கிறது. ஓட்டத்தில் சக்கரத்தை விட்டுவிட்டாலும் இன்ஜின் தானாகத் திரும்பாது. சாதாரணக் கேபிளில் கை நழுவினால் படகு சட்டென்று வளைந்து ஆளைத் தூக்கி வீசும். ஆள் ஏற்றுகிற படகுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்ஜினுக்கு மானியம் பற்றிப் பேச எத்தனையோ அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த இன்ஜினைத் திருப்புகிற பாகத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. படகைப் பார்க்க வருகிறவர் பதிவு எண்ணைப் பார்ப்பார், லைஃப் ஜாக்கெட்டை எண்ணுவார். ஸ்டீயரிங் நட்டைத் தொட்டுப் பார்த்தால்தான் என்ன?

வாங்கும் இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பேஸ்டார் (BayStar) என்ற பிராண்டு வகை கிட் 150 எச்.பி. வரையிலான ஒற்றை இன்ஜினுக்கானது, உங்களுக்கு அந்த வகுப்பே போதும். 300 எச்.பி. கிட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், மறுத்துவிடுங்கள். "எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் இன்ஜினின் பிராண்டு, மாடல், வருடம் மூன்றையும் கொடுத்து, தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் அது இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். விலை சொல்லும்போதே ஹெல்ம், சிலிண்டர், இரண்டு ஹோஸ், ஃபிட்டிங்குகள், எண்ணெய் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். ஹோஸ் இல்லாத பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு லாரியின் ஏர் பிரேக் நைலான் குழாயை வெட்டி மாட்டுகிற தரகர்கள் இருக்கிறார்கள். ஏர் பிரேக்கில் ஓடுவது 8 முதல் 10 பார் காற்று. ஸ்டீயரிங்கில் கடைசி வரை திருப்பி அழுத்தினால் ஆயிரம் பி.எஸ்.ஐ., அதாவது 70 பார் அளவுக்கு ஏறும். அந்தக் குழாய் கரையில் வெடிக்காது, அலையில்தான் வெடிக்கும்.

அடுத்தது குஜராத்தில் கப்பல் உடைக்கும் அலங் என்ற ஊரிலிருந்து வந்தது என்று விற்கிற பழைய சிலிண்டர். சீல் எத்தனை வருடம் வெயிலில் காய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம். லேத் பட்டறையில் செய்து தருகிற ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேண்டாம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று காட்டுவார்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அது கடல் உப்பில் துருப்பிடித்து உடையும். நமக்கு வேண்டியது 316. கிட்டோடு வந்த போல்ட்டையும், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டையுமே போடுங்கள். ஒருமுறை கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

இனி மாட்டுவது. டிரான்ஸத்தில், அதாவது படகின் பின்சுவரில், இன்ஜினைத் தூக்கி இறக்கும் அச்சாக ஒரு குழாய் இருக்கும், அதுதான் டில்ட் டியூப். பழைய கேபிளின் கம்பி அதற்குள் ஓடியது. சிலிண்டரைத் தாங்கும் தண்டும் அதற்குள்தான் நுழையும். கேபிள் உள்ளே பிடித்திருந்தால் சுத்தியலால் அடித்து வாயைச் சிதைக்காதீர்கள். துரு விடுவிக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு இழுங்கள். குழாயின் உட்புறத்தை வட்டக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் துடைத்து, மரைன் கிரீஸ் பூசுங்கள். தாங்கு தண்டு கையால் தள்ளியே போக வேண்டும். போகவில்லை என்றால் இன்னும் சுத்தம் போதவில்லை.

தண்டை நுழைத்து, இருபுறத் தாங்கிகளை மாட்டி, சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் ப்ளீடர் மூக்குகள் மேலே பார்க்கும்படி வைத்து, இன்ஜின் கையோடு இணையுங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்ஜின் தூக்கி இறக்கத் தடையும் இருக்கக் கூடாது. எண்ணெய் ஊற்றும் முன், இன்ஜினை முழுக்க இறக்கியும் பாதி தூக்கியும் முழுக்கத் தூக்கியும், ஒவ்வொரு நிலையிலும் இருபுறமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சிலிண்டரோ ஹோஸ் ஃபிட்டிங்கோ ஃபைபரில் எங்கும் உரசக் கூடாது. நம் ஊர்ப் படகுகளில் இன்ஜின் குழி குறுகலாக இருப்பதால் இங்கேதான் இடிக்கும். இடம் போதுமா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

டேஷில் ஹெல்முக்கு ஓட்டை போட கிட்டில் உள்ள அட்டை மாதிரியையே ஒட்டிக்கொள்ளுங்கள். ஃபைபர் மெல்லியதாக இருந்தால் பின்னால் மரைன் பிளைவுட் தாங்கல் வையுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடி ஹெல்மின் மிக உயரமான இடத்தில் வர வேண்டும். ஹோஸ் நீளத்தைக் கயிறு வைத்து அளங்கள். போகும் வழி முழுக்க, இன்ஜின் இருபுறமும் திரும்பத் தேவையான தளர்வும் சேர்த்து அளக்க வேண்டும். மூன்று அங்குல ஆரத்துக்குக் குறைவாக எங்கும் வளைக்காதீர்கள். ஓட்டை வழியாக வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப் போதும்.

ஃபிட்டிங் மரையில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. பிளம்பர் பழக்கத்தில் எல்லோரும் சுற்றுகிறார்கள். அதன் நூல் பிய்ந்து ஹெல்ம் வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் சக்கரம் நிற்காமல் நழுவும். பிறகு ஹெல்மையே மாற்றச் சொல்வார்கள். கிட் சொல்கிற திரவ சீலன்ட் மட்டும் போடுங்கள். ஓ-ரிங் உள்ள ஃபிட்டிங்குக்கு அதுவும் வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். தேவை ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 15 (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்கிற எண்) ஹைட்ராலிக் எண்ணெய், சுமார் இரண்டு லிட்டர். கடையில் 46, 68தான் இருக்கும், "எல்லாம் ஹைட்ராலிக்தான் சார்" என்பார்கள். அவை கெட்டி, சக்கரம் கனக்கும். இந்தக் கிட்டுகளை விற்கிறவர்களே சரியான எண்ணெயைக் கையிருப்பில் வைப்பதில்லை என்பதுதான் கோபம் வருகிற விஷயம். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூடக் கூடாது, சீல்களைத் தின்றுவிடும்.

இதில் ஒரே ஒரு விலக்கு. நடுக்கடலில் கசிந்து ஹெல்ம் காலியாகி, கையில் சரியான எண்ணெய் இல்லை, ஆனால் கார் ஆட்டோமேட்டிக் கியருக்கான ஏ.டி.எஃப். இருக்கிறது என்றால் அதை ஊற்றிக் கரை சேரலாம். கரை சேர மட்டும். "ஓடுகிறதே, இருக்கட்டும்" என்று ஒரு மாதம் விடுவதற்கு இல்லை. வந்ததும் முழுக்க வடித்து, வி.ஜி. 15 ஊற்றிப் புதிதாகக் காற்று எடுக்க வேண்டும். கசிந்த இடத்தையும் சரி செய்ய வேண்டும். பாதி அது பாதி இது என்று கலந்து ஓட்டக் கூடாது. ஏ.டி.எஃப். கூடும் என்றால் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கூடுமா, ஜாக்கி ஆயில் கூடுமா என்று கேட்பார்கள். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். அவசரத்துக்கென்று ஏ.டி.எஃப். வாங்கிப் படகில் வைப்பதைவிட, அரை லிட்டர் சரியான எண்ணெயையே வாங்கி வைத்தால் இந்த விலக்கே தேவைப்படாது.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஹெல்ம் வாயில் நிரப்பும் குழாயை மாட்டி எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து வையுங்கள். புட்டி ஒருபோதும் காலியாகக் கூடாது, காலியானால் காற்றை இழுத்து வேலை முதலிலிருந்து தொடங்கும். சக்கரத்தை வலப்பக்கம் கடைசி வரை திருப்புங்கள். சிலிண்டரின் எந்தப் பக்கம் தண்டு முழுக்க வெளியே தெரிகிறதோ அந்தப் பக்க ப்ளீடரில் தெளிவான குழாய் மாட்டித் திறங்கள். ஒருவர் சிலிண்டரை நகராமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தை இப்போது இடப்பக்கம் சுற்ற வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழ் இல்லாத எண்ணெய் வரும். சுற்றிக்கொண்டே ப்ளீடரை மூடுங்கள். சிலிண்டரை விட்டுவிட்டு இடப்பக்கமே கடைசி வரை சுற்றி, மறுபக்க ப்ளீடரில் இதையே எதிர்த்திசையில் செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்று செய்தால்தான் காற்று முழுக்கப் போகும். வெளியே வந்த எண்ணெயைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

பிறகு ஒரு பக்கம் கடைசி வரை திருப்பி, அதற்கு மேலும் அழுத்திப் பிடியுங்கள். ஹெல்மில் எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் காற்று இன்னும் இருக்கிறது. அழுத்திப் பிடித்த நிலையிலேயே எல்லா இணைப்புகளையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் தொட்டுக் கசிவு பாருங்கள். எண்ணெய் மட்டம் மூடி மரைக்குக் கீழே அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும், வாய் வரை நிரப்பாதீர்கள். வெயிலில் விரிந்து வழியும். சக்கரத்தை வலம் திருப்பினால் படகு இடம் போகிறது என்றால் பதற வேண்டாம், ஹெல்மில் இரண்டு ஹோஸையும் இடம் மாற்றி மறுபடி காற்று எடுங்கள்.

கடைசி எல்லையைத் தாண்டியும் சக்கரம் மெதுவாக நழுவுவதும், சக்கரத்தின் நடுக்குறி நாளுக்கு நாள் இடம் மாறுவதும் ஹைட்ராலிக்கின் இயல்பு. அதைக் காட்டி "ஹெல்ம் போச்சு" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். திருப்பும்போது சக்கரம் ஸ்பாஞ்சு போல அமுங்கினால்தான் காற்று, தண்டு ஓரத்தில் எண்ணெய் ஈரம் கண்டால்தான் சீல்.

முதல் ஓட்டம் கரையோரமாக, மெதுவாக, இருபுறமும் முழுக்கத் திருப்பி. பத்து மணி நேரம் ஓடியதும் எல்லா நட்டுகளையும் எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். தினமும் கரை வந்ததும் சிலிண்டர் தண்டை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். காய்ந்த உப்புப் படிகம்தான் சீலைக் கிழிக்கிறது. ஆசிட் கலந்த கிளீனர் அதன் பக்கமே போகக் கூடாது. சுழல் தண்டுக்குக் கிரீஸ் ஏற்றுவதையும் விட்டுவிடாதீர்கள். ஹைட்ராலிக் வந்த பிறகு எல்லோரும் மறப்பது அதைத்தான்.

ப்ளீடர் மூக்குக்குச் சரியான ஸ்பானர் ஒன்றைப் படகிலேயே கட்டி வையுங்கள். ஹெல்ம் பூட்டிக்கொண்டால் இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு ப்ளீடரையும் திறந்தால் இன்ஜினைக் கையால் தள்ளித் திருப்ப முடியும். பயணிகளை உட்காரவைத்து, இன்ஜினை மறுபடி இயக்கி, மிகக் குறைந்த வேகத்தில், ஒருவர் திசை சொல்ல இன்னொருவர் தள்ளக் கரைக்கு வந்துவிடலாம்.