ஓட்டுப் போட்டு நடத்தும் துறைமுகம்: சியாட்டில் பற்றிய உங்கள் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் துறைமுகத்தை 1911 முதல் மக்கள் தேர்ந்தெடுத்த குழு நடத்திவருகிறது. அந்தக் குழுவின் கதையை நான் பல வருஷமாக ஆசையோடு படித்துவருகிறேன். அதைச் சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், துறைமுகத்துக்குக்கூடவா தேர்தல் வைப்பார்கள்? யாருக்கு வந்தது இந்த யோசனை?

பதில்: ரயில் கம்பெனிகள்மேல் இருந்த கோபம்தான் காரணம். அன்று சியாட்டிலின் கடலோரத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. ரெயில்ரோடு அவென்யூ என்றொரு தெரு. பேர்தான் தெரு. சேற்றில் மரத்தூண்களை ஊன்றி, மேலே பலகை பரப்பி, அதன்மேல் வரிசை வரிசையாகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவே அது ஒரு சுவர் மாதிரி நின்றது. கப்பலில் சரக்கு ஏற்ற வேண்டியவர்களுக்குக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். பனாமா கால்வாய் வேறு திறக்கப்போகிறது, வியாபாரம் பெருகும் என்ற எதிர்பார்ப்பு. பொதுச் சொத்தாக ஒரு துறைமுகம் வேண்டும் என்று ஊரே கேட்டது. மாநிலச் சட்டமன்றம் 1911-ல் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி சியாட்டில் அடங்கிய கிங் கவுன்ட்டி மக்கள், துறைமுகத்தை நடத்தும் தனி அமைப்பான துறைமுக மாவட்டம் அமைக்கச் சம்மதித்து, அதன் குழுவுக்கு மூன்று ஆணையர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாநிலப் பெண்களுக்கு 1910-ல்தான் ஓட்டுரிமை கிடைத்திருந்தது. அவர்களும் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள் என்பதை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை.

கேள்வி: அந்த மூன்று பேர் யார்? சம்பளம் உண்டா?

பதில்: ஹைரம் சிட்டென்டன், ராபர்ட் பிரிட்ஜஸ், சி. இ. ரெம்ஸ்பர்க். சம்பளம் கிடையாது. சிட்டென்டன் ராணுவப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிட்ஜஸ் ரயில் முதலாளிகளைக் கடைசிவரை எதிர்த்து நின்றவர்.

கேள்வி: அண்ணா, மக்களே தப்பாக ஓட்டுப் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. அப்படியும் ஒன்று நடந்தது. நியூயார்க்கின் புஷ் டெர்மினல் என்ற சரக்கு வளாகத்தின் பாணியில், சியாட்டிலின் ஹார்பர் ஐலண்ட் தீவில் பிரமாண்டமான சரக்கு முனையம் கட்டித் தருகிறோம், துறைமுகம் கடன் பத்திரம் வெளியிட்டால் போதும் என்று ஒரு கூட்டம் வந்தது. ஆணையர்களுக்கு அதில் மனமே இல்லை. பத்திரிகையும் வியாபாரிகளும் ஆசை காட்ட, 1912-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். திட்டம் கொண்டுவந்தவர்களால் சொன்னபடி செய்ய முடியவில்லை. 1913-ல் அதைக் கைவிட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. துறைமுகங்களின் செலவுக்குக் கடிவாளம் போடச் சட்டமன்றம் 1915-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1916 நவம்பரில் அது பொது வாக்கெடுப்புக்கு வந்தபோது மக்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஒருதரம் ஏமாந்த அதே மக்கள்தான் துறைமுகத்தைக் காப்பாற்றியவர்களும்.

கேள்வி: நான் மீனவர் குடும்பம். பெரிய கப்பல் வந்தால் சின்னப் படகுக்காரனை ஓரம் கட்டுவதுதான் எங்கேயும் வழக்கம். அங்கே எப்படி?

பதில்: அண்ணே, எனக்கு இந்தக் குழுமேல் மரியாதை வந்ததே இதனால்தான். அவர்கள் முதலில் திறந்தது கப்பல் துறை இல்லை, மீன்பிடிப் படகுகளுக்கான இடம். சியாட்டிலின் சால்மன் பே என்ற நீர்ப்பரப்பில் 1914-ல் திறந்த ஃபிஷர்மென்ஸ் டெர்மினல். அப்புறம் கடல்நீரைத் தடுத்து, கப்பல்களை ஏற்றி இறக்கும் லாக் மதகு வந்து, அந்த நீர்ப்பரப்பு நன்னீராக மாறியது. மரப்படகைத் துளைக்கும் கடல்புழு நன்னீரில் பிழைக்காது. சீசன் முடிந்து வரும் படகுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த மதகுக்கு இன்று சிட்டென்டனின் பேர்தான். அலாஸ்கா பக்கம் போகும் படகுகள் இன்றும் அந்த டெர்மினலில் கட்டிக்கிடக்கின்றன. கரையில் உயரமான தூண், அதன் உச்சியில் தூண்டில் கயிற்றை இழுக்கும் வெண்கல மீனவர். கடலுக்குப் போய்த் திரும்பாத 600-க்கும் மேற்பட்டோரின் பேர்கள் பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் பேர்களுக்குக் கீழே வீட்டார் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: விமான நிலையமும் இவர்களுடையதாமே?

பதில்: ஆமாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-ல், புதிய விமான நிலையம் கட்டும் பொறுப்பை இவர்கள் ஏற்றார்கள். பக்கத்து ஊரான டகோமாவும் பணம் போட்டதால் ‘சீ-டாக்’ என்று பேர் வந்தது.

கேள்வி: இப்போதும் தேர்தல் நடக்கிறதா மேடம்? டகோமாவோடு சேர்ந்துவிட்டதாகப் படித்தேன்.

பதில்: மேடம் இல்லை, சார். பரவாயில்லை. தேர்தல் நடக்கிறது. இப்போது ஐந்து ஆணையர்கள், நான்கு ஆண்டுப் பதவி. சொத்து வரியில் துறைமுகத்துக்கு ஒரு பங்கு உண்டு, அதை நிர்ணயிப்பதும் இவர்கள்தான். டகோமா துறைமுகத்தை அந்தப் பக்கத்து மக்கள் 1918-ல் ஓட்டுப் போட்டு அமைத்தார்கள். கன்டெய்னர் வியாபாரத்துக்காக இரண்டு ஊரும் பல வருஷம் முட்டி மோதிக்கொண்டன. ஒன்றின் வாடிக்கையை மற்றொன்று இழுக்க, வாடகை பேசும்போது லாபம் கப்பல் கம்பெனிக்குத்தான் போனது. 2015-ல் சரக்கு வேலையை மட்டும் சேர்த்து நடத்த நார்த்வெஸ்ட் சீபோர்ட் அலையன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குழுக்கள் இரண்டும் கலைக்கப்படவில்லை. அலையன்ஸில் ஒரு முடிவு நிறைவேற வேண்டுமானால் இரண்டு குழுவிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும்.