நினைவு மலரில் நான்கு பக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா (அம்மாவின் அப்பா) போன மாதம் மதுரையில் காலமானார். வயது 93. சின்ன வயதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தவர், பிறகு சொந்தமாக லாரி, பஸ் உதிரி பாகக் கடை வைத்தார். கடை, வீடு, கோயில், இதைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது. அம்மாவை எட்டாவதோடு நிறுத்தியவர், சித்தியைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தார். டி.வி.எஸ். ஐயங்காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த மாட்டார்.

நினைவு மலர் போடுகிறோம். நான் கொஞ்சம் எழுதுவேன் என்பதால் நான்கு பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. 'கடின உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இன்னொரு சிக்கல், தாத்தா தன் தம்பியோடு இருபது வருடத்துக்கு மேல் பேசவில்லை. கடைப் பங்கு விஷயம். ஆனாலும் தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்கு வேட்டி, சேலை ஆள் மூலமாகப் போய்விடும். அதெல்லாம் மலரில் வேண்டாம் என்கிறார்கள் மாமாக்கள். என்ன எழுதட்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

93 வயது என்றால் கல்யாணச் சாவு என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. என் அனுதாபங்கள்.

இந்த மாதிரி மலர்கள் எனக்கும் நிறைய வரும். வரிசையாகப் படித்தால் தமிழ்நாட்டில் இதுவரை ஒரே ஒரு தாத்தாதான் இறந்திருக்கிறார் என்று தோன்றும். உழைப்பால் உயர்ந்தவர், பண்பாளர், பேரப்பிள்ளைகள் மேல் உயிராக இருந்தவர். அட்டைப் படத்தை மட்டும் மாற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் பேனா இரண்டாவது வரியிலேயே நின்றது நல்லதுதான்.

உங்கள் தாத்தா ஒரு வழியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பேசிக்கொண்டே இருந்த, டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரைப் பற்றி நான்கு பக்கம் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள்? 'தொழில் மேதை, குடும்பப் பற்று மிக்கவர்' என்று முடித்துவிடலாம்தான். அது பொய்யும் இல்லை. ஆனால் ஆளைக் காணோம்.

1877இல் நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தார், ரயில்வேயில் இருந்தார், வங்கியிலும் இருந்தார். அந்தக் காலத்தில் இதில் ஒன்று கிடைத்தாலே ஜாதகம் பலித்துவிட்டது என்பார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதை ஒட்டி, 1911-12 வாக்கில் பஸ் விடப் போனார். சாலைகள் மாட்டு வண்டிக்குப் போட்டவை. லாட ஆணி குத்தி டயர் போய்விடும் என்று, சாலையில் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று பழைய மதுரைக்காரர்கள் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து கடிகாரத்தைத் திருப்பி வைத்தோம் என்றும் சொல்வார்கள். கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் மிகையாகவாவது இப்படிச் சொல்லவைக்க எல்லா முதலாளிகளாலும் முடிவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் 'கேஸ் பிளான்ட்'டை அவருடைய நிறுவனமே செய்தது. உங்கள் தாத்தாவுக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். எடுபிடியாகச் சேர்ந்தது எந்த வருடம் என்று யாரிடமாவது கேளுங்கள். அந்தக் கரி வண்டிகளில் கை வைத்தவராக இருந்தால் உங்கள் முதல் பக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

நிறுவனத்தின் பெயர் 'டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்'. தொழிலையும் குடும்பத்தையும் அவர் வேறு வேறாக வைக்கவில்லை. ஐந்து மகன்கள். அவர்களில் சந்தானம் 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். உங்கள் தாத்தாவிடம் கிளட்ச் பிளேட் வாங்க வந்த லாரிக்காரர்களில் எத்தனையோ பேர் அங்கே கடன் போட்டு வண்டி எடுத்தவர்களாக இருப்பார்கள். அடுத்த வருடம், 1955 ஏப்ரலில், கொடைக்கானல் வீட்டில் பெரியவர் காலமானார். இதுவரைக்கும் எந்த மலரும் சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளும்.

அந்தப் பெயர்ப்பலகையில் இடம் இல்லாத ஒருவர் இருக்கிறார். மகள் சௌந்தரம், 1904இல் பிறந்தவர். சிறுமியாகவே கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் டாக்டர். 1925இல் பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் அவரே அந்த நோயில் இறந்தார். சௌந்தரத்துக்கு அப்போது இருபது, இருபத்தொன்று. ஆசாரமான வைஷ்ணவக் குடும்பத்தில், அந்த வருடத்தில், அப்படி ஒரு பெண்ணுக்கு என்ன காத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் மேலே படிக்கச் சொன்னார்கள். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டராக வெளியே வந்தார்.

டில்லியில், பின்னாளில் காந்தியின் டாக்டரான சுசீலா நய்யார் பழக்கமானார், அவர் வழியாகக் காந்தி. பிறகு ஹரிஜன சேவையில் இருந்த ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். மலையாளி, வேறு சாதி. கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். வீட்டில் சம்மதிக்கவில்லை. காந்தி இருவரையும் ஒரு வருடம் பிரிந்திருக்கச் சொன்னார், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்று. மாறவில்லை. 1940இல் காந்தியே முன்னின்று கல்யாணத்தை நடத்திவைத்தார். ஏழு வருடம் கழித்து, மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருவரும் காந்திகிராமம் என்ற கிராம சேவை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சௌந்தரம் பிறகு எம்.எல்.ஏ., எம்.பி., மத்தியில் கல்வித் துறைத் துணை அமைச்சர்.

உங்கள் மாமாக்கள் இந்த மலரைப் போட்டிருந்தால் 'வீட்டில் சம்மதிக்கவில்லை' என்ற வரியை அடித்திருப்பார்கள். பெரியவருக்குக் குறைவு வந்துவிடும் என்று பயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டால், கணவனை இழந்த மகளை டில்லிக்கு அனுப்பியதும் பணக்கார வீட்டுச் சமாசாரமாகச் சுருங்கிவிடும். மறுமணம் என்றதும் அதே மனிதர் நின்றுவிட்டார் என்று தெரியும்போதுதான், முதலில் அனுப்பியது அவருக்கும் லேசாக இருந்திருக்காது என்று புரிகிறது. குடும்பத்துக்காக வாழ்ந்தவர் என்றால் குடும்பத்தோடு மல்லுக்கட்டியவரும்தான். ஒத்துப்போகாதபோது என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு ஒரு குடும்பஸ்தரை எப்படி எழுதுவது?

சரி, உங்கள் தாத்தா. கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அம்மாவுக்கு எட்டாவது, சித்திக்குக் காலேஜ் என்று. நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தை அதற்கே கொடுப்பேன். இடையில் என்ன நடந்தது? கடையில் கையிருப்பு கூடியதா, பாட்டி சண்டை போட்டாரா, சித்தி பட்டினி கிடந்தாரா? அம்மாவிடம் கேளுங்கள். வருத்தம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், மகள்களிடம் கேட்கும்போதுதான் அப்பாக்களைப் பற்றிய விஷயங்கள் கிடைக்கின்றன. மகன்கள் பெரும்பாலும் சொத்துக் கணக்கும் சாதனைப் பட்டியலும்தான் தருவார்கள். (மாமாக்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

அப்புறம், பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வராத பாக்கியைக் கடைசிவரை பேரேட்டில் வைத்திருந்தாரா, ஒரு கட்டத்தில் கோடு போட்டுவிட்டாரா என்று பாருங்கள். யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பது அதில் இருக்கும், யாரை விடவில்லை என்பதும். மெக்கானிக்குகள் இரவு கடை அடைத்த பிறகு வீட்டுக்கு வந்து பேரிங் கேட்டால் எழுந்து போய்த் திறந்தாரா? கடைப் பையன்களுக்குக் கல்யாணச் செலவு யார் செய்தது? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள்தான் இருப்பார்கள்.

தம்பி விஷயத்தில் நீங்கள் பஞ்சாயத்து பண்ண வேண்டாம். யார் பக்கம் நியாயம் என்ற இடத்துக்கே போகாதீர்கள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, தீபாவளி தவறாமல் துணி போனது, இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். துணியை யார் எடுத்தார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். தாத்தாவே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தாரா, பாட்டி வாங்கி அவர் பெயரில் அனுப்பினாரா? இரண்டும் வேறு வேறு கதை. பங்கு வழக்கு ஏதாவது கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னத் தாத்தா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நேரில் போய், அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கடைப் பங்கைப் பற்றி வேண்டாம், ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த நாட்களைப் பற்றி மட்டும். அது இப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மறுத்தாலும் மறுப்பார், ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

மாமாக்கள் பிடிவாதமாக இருந்தால் மலருக்கு அவர்கள் விரும்புகிற பக்கங்களைக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் செலவில்தானே அச்சாகிறது. நீங்கள் எழுதியதை எனக்கு அனுப்புங்கள். பெயர் இல்லாமல் இங்கே போடுகிறேன்.