சூரியனை ஒட்டிப் போகும் வால்நட்சத்திரம் பிழைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த நேரத்தில் தரையிலிருந்து பார்ப்பது பெரும்பாலும் முடியாத காரியம். சூரிய ஒளியே அதை மூழ்கடித்துவிடும். விண்வெளியிலிருந்து சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ (SOHO) விண்கலத்தின் லாஸ்கோ கேமராதான் கைகொடுக்கும். அதில் ஒரு வட்டத் தகடு சூரியனை மறைத்திருக்கும். வால்நட்சத்திரம் தகட்டுக்குப் பின்னால் போனதும், மறுபக்கம் வருகிறதா என்று ஒவ்வொரு படமாகப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நெஞ்சு படபடக்கும் நேரம் அது!

ஆனால் வெளியே வந்தாலே பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது. 2013 நவம்பர் 28 அன்று ஐசான் என்ற வால்நட்சத்திரம் மறுபக்கம் வந்தபோது கூர்மையான தலை இல்லை, மங்கலான விசிறி மட்டுமே. கொஞ்சம் பிரகாசமானது, பலரும் நம்பினோம். அடுத்த சில நாட்களில் கரைந்துபோனது. வால்நட்சத்திரத்தின் மையத்தில் பனியும் தூசியுமாக இருக்கும் உட்கரு நொறுங்கினாலும் அதன் தூசி அதே பாதையில் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

2011 டிசம்பரில் லவ்ஜாய் என்ற வால்நட்சத்திரம் சூரியப் பரப்புக்கு மேலே சுமார் 1,40,000 கி.மீ. தொலைவில் புகுந்து, யாரும் எதிர்பாராதபடி வெளியே வந்தது. அதன் உட்கருவும் சில நாட்களில் சிதைந்தது. வால் மட்டும் வானில் நீண்டு கிடந்தது.

ஆகவே தலையைக் கவனியுங்கள். பளிச்சென்ற புள்ளியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. அதன் இருபுறமும் தெரியும் கிடைக்கோடு வால் அல்ல, அதிக ஒளியால் கேமராவின் சென்சார் நிரம்பி வழிவது.