வெயிலில் வைத்தால் சாயக் கழிவுநீர் சுத்தமாகுமா?

கேள்வி: எங்களுடையது சிறிய சாயப்பட்டறை. தினமும் 20,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது. பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், சில நாள் கந்தகச் சாயம். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைத்த பிறகும் நிறம் நிற்கிறது. லிட்டருக்கு சிஓடி (வேதிமுறையில் அழுக்கை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்) 900 மில்லிகிராம், பிஓடி (நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்) 120, குளோரைடு 3,000. காற்றூட்டும் தொட்டியிலும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு தூளைக் கலந்து வெயிலில் விட்டால் 95 சதவீத நிறம் போகும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். செய்யலாமா?

பதில்: தூளை வாங்க வேண்டாம். ஆனால் வெயிலைக் கைவிடவும் வேண்டாம்.

நீங்கள் படித்தது போன்ற ஆய்வுகள் பலவும் ஒரே ஒரு சாயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் செய்தவை. உங்கள் தொட்டியில் இருப்பது உப்பு, சோடா, சோப்பு, துணையூட்டிகள் எல்லாம் கலந்த கரைசல். டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதாக் கதிரில்தான் வேலை செய்யும். தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் அந்தப் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான். அதையும் உங்கள் நீரின் நிறம் மேலாகவே விழுங்கிவிடும்; தொட்டியின் அடியில் கிடக்கும் தூளுக்கு அது இரவு. சோடாவின் கார்பனேட்டோ, ஒளிபட்ட தூளில் உருவாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை, அதாவது சாயத்தை உடைக்கும் துடிப்பான துகளை, சாயத்துக்கு முன்பே பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, அந்த நுண்தூளை நீரிலிருந்து திரும்பப் பிரித்தெடுப்பதே தனித் தொழில்.

உங்களுக்குப் பொருந்துவது அன்னபேதியும் (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) ஹைட்ரஜன் பெராக்சைடும். 1894-இல் ஃபென்டன் என்ற வேதியியலாளர் கண்டு சொன்ன வினை இது. இரும்பு, பெராக்சைடை உடைத்து அதே ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்குகிறது. நீர் பி.எச். 3-க்கு அருகில் இருக்க வேண்டும். அந்த அமிலத்தன்மையில் கார்பனேட் கரியமில வாயுவாக வெளியேறிவிடுவதால் அந்தத் தொல்லையும் தீர்கிறது. இருட்டிலும் வினை நடக்கும். ஆனால் ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனேறி ஃபெரிக் என்ற வடிவத்துக்கு மாறியதும் வேகம் தளர்ந்துவிடும். வெயில் இங்கேதான் உதவுகிறது: ஃபெரிக்கை மறுபடி ஃபெரஸாக்குகிறது. புற ஊதாவோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியும் இதற்குப் பயன்படும். அதனால் குறைந்த இரும்பே போதும். பின்னால் அள்ள வேண்டிய சேறும் குறையும்.

இதை வைத்து எல்லாவற்றையும் எரித்துத் தீர்க்க நினைக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் சிஓடியை முழுதாக ஆக்சிஜனேற்ற, ஏட்டுக் கணக்கில் 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும். உங்கள் ஒரு நாள் சிஓடி 18 கிலோ. 50 சதவீதப் பெராக்சைடில் தினமும் 76 கிலோவுக்கு மேல் போகும், அதுவும் ஒரு துளி வீணாகாமல் இருந்தால். எந்தச் சிறு பட்டறைக்கும் இது கட்டாது. உங்கள் பிஓடியும் சிஓடியும் நிற்கும் விகிதம் 0.13. நுண்ணுயிர்கள் பட்டினியில் இல்லை, பல்லுக்கு எட்டாததைத் தட்டில் வைத்திருக்கிறீர்கள். பெராக்சைடின் வேலை அதை நறுக்கிக் கொடுப்பது. விகிதம் 0.4-ஐ நெருங்கினால் மீதியைக் காற்றூட்டும் தொட்டி பார்த்துக்கொள்ளும். ஸ்பெயினின் அல்மேரியாவில் சூரிய ஒளிச் சுத்திகரிப்பை நெடுங்காலமாக ஆராய்பவர்களும் பூச்சிக்கொல்லி கலந்த நீரில் இதே வரிசையைத்தான் கையாண்டார்கள்: முதலில் ஒளியும் ஃபென்டனும், பிறகு நுண்ணுயிர்.

முதலில் மூன்று கண்ணாடிப் பாத்திரங்களில் தலா ஒரு லிட்டர் உங்கள் தெளிந்த நீரை எடுங்கள். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். முதல் பாத்திரத்தில் எதுவும் சேர்க்காமல் வெயிலில் வையுங்கள். மற்ற இரண்டிலும் நீர்த்த கந்தக அமிலத்தால் பி.எச்.-ஐ 3-க்குக் கொண்டுவாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குளோரைடு ஏற்கெனவே அதிகம். அதுவும் ரேடிக்கலைத் தின்னும். பிறகு அந்த இரண்டிலும் தலா 250 மில்லிகிராம் அன்னபேதி. அதில் இரும்பு சுமார் 50 மில்லிகிராம். கடைசியாக 30 சதவீதப் பெராக்சைடு 3 மில்லி, அரை மணிக்கு ஒரு மில்லியாக மூன்று தவணையில். ஒரேயடியாக ஊற்றினால் பெராக்சைடே ரேடிக்கலை வீணடிக்கும். இந்த இரண்டில் ஒன்றைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், மற்றதை வெயிலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மூன்றையும் அளக்கலாம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல சாயங்களுக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்த கணத்தில் நிறம் மறைந்துவிடும். சாய மூலக்கூறின் கார்பன் வளையங்கள் நீரிலேயே கிடக்கும். சிஓடி அளவிலும் ஒரு பொறி உண்டு. மீந்த பெராக்சைடு, அந்தச் சோதனைக்கு ஊற்றும் டைக்குரோமேட்டைத் தின்று சிஓடியை உயர்த்திக் காட்டும். குளோரைடும் அப்படியே, உங்கள் அளவுக்கு மாதிரியை நீர்த்துத்தான் சோதிக்க வேண்டும். பெராக்சைடைக் காட்டும் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, பெராக்சைடு இல்லை என்று தெரிந்த பிறகே மாதிரியை அனுப்புங்கள். நுண்ணுயிர் வாழும் காற்றூட்டும் தொட்டிக்குள் விடும்போதும் இதே விதி, இல்லையென்றால் வளர்த்த நுண்ணுயிரை நீங்களே கொல்வீர்கள். சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 8 தாண்டினால் இரும்பு படியும், மீந்த பெராக்சைடும் மெல்லச் சிதையும்.

மூடிய பாத்திரமும் வெயில் பாத்திரமும் ஏறத்தாழ ஒரே முடிவைத் தந்தால் வெயில் தொட்டி கட்டாதீர்கள். சாதாரணத் தொட்டியே போதும். வெயில் பாத்திரம் தெளிவாக முந்தினால், ஆழமில்லாத, அமிலம் தாங்கும் பூச்சுள்ள தொட்டி வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆழம் என்றால் உங்கள் ஒரு நாள் நீருக்கு 200 சதுர மீட்டர். ஒரே நாளில் இரண்டு மூன்று தொகுதிகள் ஓட்டினால் இடம் அதற்கேற்பக் குறையும். முதல் தவணைப் பெராக்சைடை நிழல் தொட்டியிலேயே கொடுத்து, நிறம் உடைந்த பிறகு நீரை வெயிலுக்கு ஏற்றுவது என் விருப்பம். கறுத்த நீருக்குள் ஒளியை அனுப்பி என்ன பயன்?

கந்தகச் சாயம் ஓடிய நாளின் நீரை இந்த வழிக்குக் கொண்டுவரவே கூடாது. அந்தச் சாயத்தைக் கரைக்கச் சேர்க்கும் சோடியம் சல்பைடு மேல் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும், மூடிய அறையில் ஆளைச் சாய்க்கும். அந்த நீரைத் தனித் தொட்டியில் பிரித்துவிடுங்கள். ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) மீந்த நீரும் அப்படியே. அமிலத்தில் கந்தக டை ஆக்சைடை வெளிவிடும், பெராக்சைடையும் வீணாகக் குடிக்கும். பெராக்சைடு கேனை அன்னபேதி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரும்புத் தூசு உள்ளே விழுந்தால் ஆக்சிஜன் பொங்கும். இறுக மூடியிருந்தால் கேன் வெடிக்கும்.

குளோரைடு 3,000 இதனால் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. அமிலமும் காரமும் சேர்வதால் மொத்த உப்பு சற்று கூடவே செய்யும். நீரைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணமிருந்தால், உப்பைப் பிரிக்கும் சவ்வூடு முறைக்கோ ஆவியாக்கிக்கோ தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.